அறுபத்தெட்டு கிலோ

ஆர்மாஸ் எதையாவது மறைத்தால் அவன் காது சிவந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக அவனோடு குடும்பம் நடத்துகிற எனக்கு இதுகூடவா தெரியாது?

எங்கள் மோட்டார் பனிவண்டிக்கும் ஏறக்குறைய அதே வயசுதான். பின்பக்க ஸ்ப்ரிங்குகள் செத்துப்போய், போன குளிர்காலத்தில் உறைந்துகிடந்த இனாரி ஏரியில் ஒரு பனிமேட்டில் தூக்கிப்போட்டதில் என் முதுகெலும்பு விலகிவிட்டது. இன்னொரு அடி விழுந்தால் ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். அன்றிலிருந்து நான் ஏறுவதில்லை. அவன் மட்டும் தனியாக மீன் பிடிக்கப் போவான்.

இந்தத் திங்கட்கிழமை கொட்டகைக்குக் காபி கொண்டுபோனேன். உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆமாங்க, ரெண்டு பேர் போறதுக்கு. நான் தொண்ணூத்திரண்டு. பின்னாடி உக்கார்றவ அறுபத்தெட்டு கிலோ."

என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டான்.

"யார்கிட்ட பேசின?"

"வண்டிச் சாமான் கடையில. வண்டி பழசாயிடுச்சுல்ல, ஸ்ப்ரிங் மாத்தணும்."

காது செக்கச்செவேல் என்றிருந்தது. நான் எண்பத்தொரு கிலோ. அப்படியானால் அந்த அறுபத்தெட்டு யார்?

ஏன், படகுத்துறையில் காபிக்கடை வைத்திருக்கிற சிர்க்கா இல்லையா? ஒடிசலாக, இடுப்பே இல்லாமல்! மீன் பிடிக்கப் போகிற போதெல்லாம் இவன் அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தானே வருகிறான்?

புதன்கிழமை பின்சீட்டைத் துடைத்தான். வியாழக்கிழமை வந்த பார்சலை நான் பார்க்கவில்லை என்ற நினைப்பில் கொட்டகைக்குள் கொண்டுபோனான். புது ஸ்ப்ரிங், புது ஷாக் அப்சார்பர், தேய்ந்த பேரிங்குகளுக்குப் பதில் புதுசு. விசிலடித்துக்கொண்டே மாட்டினான், பாவி. நான் மூன்று வருஷமாகச் சொல்லும் சமையலறைக் கதவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடாதவன்!

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியவில்லை.

"யாரு அந்த அறுபத்தெட்டு கிலோ? சிர்க்காவா?"

வண்டிக்கு அடியிலிருந்து மூக்கில் கிரீஸோடு தலையை நீட்டினான்.

"அடிப்பாவி! நீதான்டி!"

"நானா?"

"உன்னை மறுபடி ஏத்திட்டுப் போகணும்னுதான் இவ்வளவும். ஏறுறவங்க எடைக்குத் தகுந்தாப்லதான் ஸ்ப்ரிங் குடுப்பாங்க. இப்பக் கேட்டா நீ கண்டுபிடிச்சிருவ. அதான் ஆஸ்பத்திரியிலருந்து வந்தப்ப நீ சொன்ன எடையையே சொன்னேன்."

சொன்னேன்தான். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னேன். வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது.

அவன் வண்டியை நிமிர்த்திப் பின்சீட்டைத் தட்டினான். "ஏறு. இனி மேடு பள்ளமே தெரியாது."

ஒரு காலைத் தூக்கியவள் அப்படியே நின்றேன். அறுபத்தெட்டுக்கு வாங்கிய ஸ்ப்ரிங் என் கனத்தில் முதல் மேட்டிலேயே முழுசாக அமுங்கி அடிதட்டும். வாயைத் திறக்காவிட்டால் முதுகு போய்விடும்.

"எண்பத்தொண்ணு," என்றேன்.

"எது?"

"என் எடை."

ஆர்மாஸ் சிரிக்கவில்லை. கடைக்குப் போன் போட்டான். "ஸ்ப்ரிங்கை மாத்திக் குடுக்கணுங்க. பின்னாடி உக்கார்றவ எடை..." போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். வாரம் முழுக்க நான் அவனைப் பார்த்த அதே பார்வை.

"கோட்டு போட்டா, போடாமலா?"

"போடாம."

"சத்தியமா?"

என் காது சுட்டது.

"எண்பத்தாறு," என்றேன்.