ஜுலைகாவின் குரல்

கல்யாணப் பெண் ஜுலைகாவுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் கிடைக்கப் போகிறது.

நெய்வேலி சுரங்கத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் ஆபரேட்டர். யாராவது கூப்பிட்டால் பலகையில் சின்ன விளக்கு எரியும். வயரைச் செருகி, என்ன நம்பர் என்று கேட்டு, எதிர்முனைக்கு மணி அடிப்பாள். அந்தப் பக்கம் ரிசீவரை எடுத்தால்தான் பேச்சு. எடுக்காவிட்டால், கூப்பிட்டவர் சீஃப் இன்ஜினியராகவே இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். இந்த ஒழுங்கு ஜுலைகாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

முந்தின நாள், சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஹனீபாவின் அம்மா ஜைத்தூன், நெல்லிக்குப்பத்திலிருந்து வந்து இறங்கிய கையோடு ஜுலைகாவின் அத்தாவிடம் பேச்சை ஆரம்பித்துவிட்டாள். "இனிமே இவளுக்கு வேலை எதுக்குங்க? எங்க வூட்டுப் பொண்ணுங்க யாரும் போனதில்ல." அத்தா தலையை எந்தப் பக்கமும் ஆட்டாமல் டீயைக் குடித்தார். தனக்காக அத்தா பேசப்போவதில்லை என்று சமையலறையில் நின்ற ஜுலைகாவுக்குப் புரிந்துவிட்டது.

நிக்காஹ் என்பது ஓர் ஒப்பந்தம். பந்தலில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை மட்டும் சரி என்றால் முடிந்துவிடாது. அதற்கு முன்பே பெண்ணின் தகப்பனாரும் இரண்டு சாட்சிகளும் அவள் இருக்கும் அறைக்கு வந்து, சம்மதமா என்று கேட்க வேண்டும். மாப்பிள்ளை அவளுக்குத் தரும் மஹர் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மஹர் அவளுக்கே சொந்தம். அத்தாவுக்கும் பங்கில்லை, புருஷனுக்கும் பங்கில்லை. பெண் வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்தால், அதையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். அங்கேதான் ஜுலைகாவுக்குப் பயம். வாயைத் திறக்காவிட்டால் லைன் தானாகச் சேர்ந்துவிடும்.

காலையில் குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல் நிறைந்துவிட்டது. பெண்கள் எல்லாம் உள்ளறையில். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கமலா, தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, விடிந்ததிலிருந்து ஜுலைகாவை விட்டு நகரவில்லை. தலை பின்னியது, பூ வைத்தது எல்லாம் அவள்தான்.

கதவில் தொங்கிய திரைக்கு அப்பால் யாரோ செருமினார்கள். பிறகு அத்தாவின் குரல். மஹரைச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "ஹனீபாவுக்கு ஒன்ன நிக்காஹ் செஞ்சு வைக்கச் சம்மதமாம்மா?"

ஜுலைகா திரையையே பார்த்தாள்.

"என்னட்டி, வெளியில காத்துக்கிட்டிருக்காவல்லா?" கமலா அவள் தோளை இடித்தாள்.

ஜுலைகா மூச்சை இழுத்துவிட்டு எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தாள். கமலாவுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை கூச்சப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுமோ என்று திரையைப் பார்த்துக் கூவிவிட்டாள்: "சம்மதந்தாங்க! முழுச் சம்மதம்!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அத்தா திரும்பும் சத்தம் கேட்டது. ஜுலைகாவுக்கு உயிரே போய்விட்டது.

"நில்லுங்க மச்சான்." சாட்சியாக வந்த சுல்தான் மாமா. அவருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் கன்ட்ரோல் ரூமில் வேலை. "ஷிஃப்ட் முழுக்க எக்ஸ்சேஞ்சக் கூப்பிடுறவன் நான். எம் மருமவ கொரலு எனக்குத் தெரியாதா? இது கமலாம்மா கொரலு."

அறைக்குள் சிரிப்பு வெடித்தது.

"யாரு சொன்னா என்ன அண்ணாச்சி? எங்க கல்யாணத்துல பொண்ணுகிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டாவ!"

"இங்க அவதாம்மா சொல்லணும். நீங்க ராங் நம்பர்."

எல்லாரும் சிரித்த அந்தச் சிரிப்பில் ஜுலைகாவுக்கும் பேச்சு வந்துவிட்டது. "அத்தா, எனக்குச் சம்மதம்தான். ஆனா ஒரு நிபந்தனை. நான் வேலைய விடமாட்டேன். அதுக்கு அவங்க ஒத்துக்கிட்டாத்தான் சம்மதம்."

சாட்சிகள் அந்த நிபந்தனையோடு பந்தலுக்குப் போனார்கள். ஜன்னல் வழியாக, நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத்தின் குரல் நிதானமாக வந்தது.

"பொண்ணு நிபந்தனை வைக்கலாம். மாப்பிள்ளை ஒத்துக்கலாம், ஒத்துக்காமலும் போகலாம். ஆனா ஒத்துக்கிட்டு நிக்காஹ் செஞ்சா, அப்புறம் மாத்திப் பேசக்கூடாது. நபிகளோட மனைவி கதீஜா நாயகியே வியாபாரம் பண்ணவங்கதான். யோசிச்சுச் சொல்லுங்க மாப்ளே."

மாப்பிள்ளை பதில் சொல்வதற்குள் ஜைத்தூன் அறைக்கு வந்துவிட்டாள். "ஏம்மா, இத நேத்தே சொல்லக்கூடாதா? எல்லாரும் பந்தல்ல ஒக்காந்துகினு இருக்கும்போதா?"

"நேத்து என்னை யாரும் கேக்கலீங்க மாமி. இன்னிக்குத்தான் கேட்டாங்க."

ஜைத்தூன் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். "என்னையும் ஒருநாள் இப்பிடித்தான் கேட்டாங்க. தலைய ஆட்டினேன். என்னா கேட்டாங்கன்னுகூடக் காதுல வுழல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அவனுக்கும் ஷிஃப்ட், ஒனக்கும் ஷிஃப்ட். சோறு யாரு ஆக்குறது?"

"நான் ஆக்குறேம்மா!" ஜன்னலுக்கு வெளியே ஹனீபாவின் குரல். "ஹஜ்ரத், நான் ஒத்துக்கிறேன்!"

"இவனா? வெந்நி வெச்சாக்கூட அடிபுடிக்கும்!" ஜைத்தூனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போவட்டும். ரெண்டு நாளு தீஞ்சத தின்னா தானா கத்துக்குவான். போய்ச் சொல்லுங்க, எனக்கும் சம்மதந்தான்."

"மதினி, ஒங்க சம்மதமும் செல்லாது" என்றாள் கமலா. "நாம ரெண்டு பேரும் ராங் நம்பர்."

திரைக்கு அப்பால் மறுபடியும் செருமல். அத்தா முதலிலிருந்து கேட்டார், இந்தத் தடவை நிபந்தனையையும் சேர்த்து. கமலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எக்ஸ்சேஞ்சில் பேசுகிற அதே தெளிவோடு ஜுலைகா சொன்னாள்: "சம்மதம்."

"இதான் எம் மருமவ கொரலு" என்றார் சுல்தான் மாமா.

எல்லாரும் பந்தலுக்குத் திரும்பும் காலடிச் சத்தம் ஓயும்வரை கமலா அசையவில்லை. பிறகு விரலிடுக்கு வழியாகக் கேட்டாள்: "ஏட்டி, இப்பவாவது நான் பேசலாமா?"