தலைவர் மகள் போட்ட கோமாளி ஆட்டம்

லூப்பேயின் தலையில் ஏற வேண்டிய கிரீடத்தை, சித்தப்பா மகள் ஃபியாசிலியின் தலையில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள் அத்தை சியேனி. மனித முடியும் சிப்பியும் வைத்துக் கட்டிய கிரீடம். கட்டுகிற கட்டில் நெற்றி நரம்பு தெறிக்கும். வலிக்கிறதா என்று கேட்டதற்கு ஃபியாசிலி இல்லையென்றாள். அது பச்சைப் பொய் என்று லூப்பேக்குத் தெரியும். ஆறு வருஷமாக அந்த வலி அவளுடையதுதானே.

சமோவாவில் ஊர்த் தலைவரின் மகளாகப் பிறந்தால் விருந்தின் கடைசி ஆட்டம் அவளுக்கு. விரல் மட்டும் பேச வேண்டும், முகம் அசையக் கூடாது. சுற்றி நின்று அத்தைமார்கள் கத்திக் குதித்துக் கோமாளித்தனம் செய்வார்கள். அவர்கள் தாழத் தாழ நடுவில் ஆடுகிறவள் உயர்வாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். லூப்பேக்கு ஆடவும் தெரியும், கூடமும் நேர்தான். முகம்தான் சொன்ன பேச்சைக் கேட்காது. படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் வரிசை முழுவதையும் சிரிக்க வைக்கிறவள் அவள். போன கிறிஸ்துமஸுக்கு அத்தை போட்ட கூத்தைப் பார்த்து நடு ஆட்டத்தில் பல் தெரியச் சிரித்துவிட்டாள். அப்பா ஒரு வாரம் பேசவில்லை.

ஃபியாசிலியோ பிறவி ஆட்டக்காரி. தலைவர் பட்டம் இல்லாத தகப்பனுக்குப் பிறந்ததால் பின்வரிசையே கதி. அதனால்தான் காலையில் கொக்கோ குடித்துக்கொண்டிருந்த அப்பா முன்னால் போய் உட்கார்ந்து, கிரீடம் அவளுக்கு இருக்கட்டும், நான் அவளுக்குக் கோமாளி ஆடுகிறேன் என்று கேட்டாள் லூப்பே.

"தலைவன் மக தரையில உருண்டா ஊரு என்ன சொல்லும்?" என்றார் அப்பா.

அத்தை விடவில்லை. "ஆறு வருஷமா நான் உருளுறேனே அண்ணே. நான் யாரு, தலைவன் தங்கச்சி இல்லியா?"

"நீ என் மகளுக்காக உருண்ட. இவ யாருக்காக உருளப் போறா?"

லூப்பே இடத்தை விட்டு எழவில்லை. அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "உன் இஷ்டம்மா. எங்கிட்ட மட்டும் சிரிப்ப எதிர்பாக்காத."



புதுத் தேவாலயக் கூடத்தில் வெளியூர் விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். பாட்டு ஏறியது. ஃபியாசிலி பாயில் வழுக்கிக்கொண்டு வந்தாள். ஒரு விரல் கூடத் தப்பவில்லை. லூப்பே விசிறியைத் தலைகீழாகப் பிடித்து, கண்ணை உருட்டி, கோழி மாதிரிச் சுற்றி வந்தாள். முதலில் திகைத்த கூட்டம் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தது. அம்மாடி, எத்தனை வருஷமாக அடைத்து வைத்திருந்த சிரிப்பு! அப்பாவின் முகம் மட்டும் அப்படியே இருந்தது.

அவர் முகத்தைப் பார்த்தது போதும் என்று லூப்பே ஃபியாசிலியின் முன்னால் குப்புற விழுந்தாள். இப்படி யாராவது விழுந்தால் ஆடுகிறவள் முதுகில் கால் வைக்க வேண்டும், அதுதான் முறை. ஃபியாசிலியின் கால் தூக்கியபடியே நின்றது. தலைவர் மகளின் முதுகாயிற்றே.

"மிதிடி," என்றாள் லூப்பே, பாயில் கன்னம் பதிய.

"பெரியப்பா பாக்குறாருக்கா."

"பாக்கட்டும். நீ ஆட்டத்த விட்டுடாத."

எண்ணெய் பூசிய பாதம் பட்டும் படாமலும் அவள் முதுகில் வந்து நின்றது. பிறகு முழுப் பாரமும் இறங்கியது.