நூறு வீதம் நல்லம்

நெடுங்கேணிக்குக் கிட்ட, ஒரு குடியேற்றத்திட்டத்தின் நடுவில் கட்டிய ஆஸ்பத்திரி, வருடத்துக்கு மூன்று கிலோமீற்றர் வீதம் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. கட்டில்கள், மருந்து அலுமாரி, முற்றத்து வேம்பு, வேம்பில் சாத்திய சைக்கிள் எல்லாம் கூடவே போயின. முதல் வருடம் சனங்கள் அதைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு வெள்ளன எழும்பிப் புறப்படப் பழகிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிகளின் தரத்தை ஆராய்வதையே தொழிலாக எடுத்த டொக்டர் சுதாஜினிக்குக் காரணம் பிடிபட ஏழு வருடம் எடுத்தது. ஒவ்வொரு பங்குனியிலும் அவள் நோயாளரிடம் குறைநிறை கேட்டுத் தாள் நிரப்புவாள். எல்லாரும் "நல்லம்" என்பார்கள். மறுநாள் விடியும்போது ஆஸ்பத்திரி நகர்ந்திருக்கும். குறையே இல்லாத ஆஸ்பத்திரியை யார் பிடித்துவைப்பது? அந்த நூறு வீதத்தைக் காட்டித்தான் அவளுக்குப் பட்டமும் பதவியுயர்வும் வவுனியாக் கூட்டங்களில் முன்வரிசைக் கதிரையும் கிடைத்தன. வெட்கக்கேடுதான்.

எட்டாவது வருடம், சிறுநீரகம் பழுதான வடிவம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"ஒரு குறையாவது சொல்லுங்கோ அம்மா. இன்னும் தள்ளிப்போனா உங்களாலை வரேலாது."

வடிவம்மா எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்த மனுசி. அங்கே தோட்டத்துக் கம்பவுண்டர் மருந்து சரியாகத் தருவதில்லை என்று முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். அவரை வேலையிலிருந்து தூக்கினார்கள், பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. அந்த வருடம் அவளுடைய இரண்டு பிள்ளைகள் காய்ச்சலில் போயின.

"குறை சொன்னா இருக்கிறதையும் எடுத்துருவாங்க டொக்டரம்மா. நல்லம்னே போடுங்க."

சுதாஜினி களவாக அவளுடைய தாளில் "மோசம்" என்று போட்டாள். ஆஸ்பத்திரி ஒரு கிழமை அசையாமல் நின்றது. பிறகு மேலிடத்தில் அந்த ஒற்றை விடையைப் பிழையென்று நீக்கினார்கள். ஆஸ்பத்திரி மறுபடி புறப்பட்டது.

ஆடியில், மகன் கிருபனின் ட்ரக்டர் பெட்டியில், பாதி வழியில் வடிவம்மா செத்துப்போனாள். அடுத்த பங்குனியில் சுதாஜினி தாளோடு கிருபன் முன்னால் போய் இருந்தாள். அவன் மடியில் சின்ன மகள் இருந்தாள், பிள்ளைக்கு மூச்சிளைப்பு.

"அம்மாவை நினைச்செண்டாலும் உண்மையைச் சொல்லுங்கோ."

கிருபன் பிள்ளையின் தலையைத் தடவினான். "ஆஸ்பத்திரி நல்லம் டொக்டர். நாங்கள்தான் பிந்திப்போனம்."

சுதாஜினி அழுதுகொண்டே நல்லத்துக்குச் சரி போட்டாள்.

விடிந்தபோது ஆஸ்பத்திரி கொக்கிளாய்க் கடலேரிக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. இப்போது பஸ் கரைவரை போகிறது, அங்கிருந்து வள்ளம்.