இருபத்தொன்பது நாள் ஞாயிறு

விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவின் மூலை வீட்டில் மட்டும், இருபத்தொன்பது நாள் நீடித்தது. இரண்டாம் தேதி காலையில் தொடங்கி முப்பத்தொன்றாம் தேதி காலையில்தான் முடிந்தது. அதற்குள் பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்கு நான்கு திங்கட்கிழமைகள் வந்துபோயின. மூலை வீட்டுக்கு ஒன்றுகூட வரவில்லை. அந்த மாதம் பால் விலை ஒருமுறை ஏறியது. மூலை வீட்டில் பழைய விலைப் பாலையே காய்ச்சிக் குடித்தார்கள் என்று சிலருக்கு வயிற்றெரிச்சல். பட்டவர்களைக் கேட்டால் தெரியும் அது என்ன பால் என்று.

அந்த வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று இருபத்திரண்டு வருடமாக அவர்தான் எழுதுகிறார். பணிமனையில் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர். அவர் போட்ட அட்டவணைப்படி முதல் பேருந்து எங்கள் தெருமுனையைக் காலை ஆறு மணிக்குக் கடக்கும். அது ஒருநாளும் பிந்தியதில்லை என்பதால் நாங்கள் கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டோம். பேருந்து கடந்தால் ஆறு மணி, அவ்வளவுதான். மனிதர் நல்லவர், ஒரு வம்பு தும்புக்குப் போக மாட்டார். ஆனால் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டால் போதும், சனி, ஞாயிறு இரண்டுக்கும் அட்டவணை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவார். சின்ன மகள் அவற்றின் மேல் தவறாமல் பாலைக் கொட்டுவாள். அதனால் கடைசி ஞாயிற்றின் அட்டவணையை மட்டும் கடைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிபோல் பிளாஸ்டிக் உறை போட்டு வாங்கி வந்தார். ஆறு மணிக்கு எழுந்திருத்தல், ஏழரைக்குக் காலை உணவு, எட்டரைக்குக் கார் கழுவுதல், பத்துக்குப் பூங்கா, பதினொன்றுக்குக் குடும்ப விளையாட்டு, ஒன்றுக்குச் சாப்பாடு, இரண்டுக்குத் தூக்கம், நான்குக்குக் காரில் கடைத்தெரு, ஆறுக்குச் சீட்டாட்டம், ஒன்பதுக்குப் படுக்கை. எல்லாம் சரிதான். எழுதும்போதே கடைசி வரிக்குக் கீழே அவர் கை தானாக ஒரு வளைந்த அம்பு போட்டிருந்தது. சுற்றுப் பேருந்துகளுக்குப் போடுகிற அம்பு அது; கடைசி நிறுத்தத்திலிருந்து முதல் நிறுத்தத்துக்கே திரும்பிப் போகும். அம்பின் பக்கத்தில் '5.50 முதல் 6.00 வரை இடைநிறுத்தம்' என்றும் வழக்கம்போல எழுதினார். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே பணியாளருக்குப் பத்து நிமிடம் விட வேண்டும் என்பது பணிமனை விதி.

மறுநாள் திங்கட்கிழமை அவர் மனைவி வேலையில் சேர வேண்டிய நாள். பெரிய மகள் பிறப்பதற்கு முன்னால் அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள். பன்னிரண்டு வருடம் கழித்து, ஏழு இடத்தில் எழுதிப்போட்டு, எட்டாவது இடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். பரிசோதனைக் கூடம் காலை ஆறு மணிக்குத் திறக்கும். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்களை ஆறரைக்கு மேல் நிற்கவைக்க முடியாது அல்லவா? வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி, ஐந்து மணிக்கு அலாரம் வைத்துப் படுத்தாள். அலாரம் அடிக்கவில்லை. ஐந்து ஐம்பதுக்கு வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் கண் திறந்தது. "ஐயையோ" என்று எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் பாதி தூரம் ஓடியிருப்பாள். பேருந்து கடந்தது. அடுத்த கணம் அவள் கட்டிலில் இரவு உடையோடு படுத்திருந்தாள். பக்கத்தில் கணவர் சோம்பல் முறித்தார். "என்னம்மா அவசரம்? இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதானே" என்றார். வாசலில் அதே ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை கிடந்தது. முந்தின நாள் அவர் முடித்த குறுக்கெழுத்துக் கட்டங்கள் அத்தனையும் காலியாக இருந்தன.

அட்டவணையில் இல்லாத எதையும் அந்த வீட்டில் செய்ய முடியவில்லை. கார் கழுவுகிற நேரத்தில் வெளிக்கதவைத் தாண்டினால் கால் நேரே பூங்காவில் போய் நின்றது. பூங்காவிலிருந்து நழுவினால் பூப்பந்து மட்டை கையில் இருந்தது. முட்டை தினமும் ஆறு. தின்றாலும் மறுநாள் ஆறு. எத்தனை கழுவினாலும் மறுநாள் கார் பழைய அழுக்கோடு நின்றது, எட்டரைக்கு வாளியைத் தூக்கத்தான் வேண்டியிருந்தது. புதிதாக வராதது உடம்பு ஒன்றுதான். முழங்கால் வலி மட்டும் நேற்றைய கணக்கிலேயே தொடர்ந்தது. அட்டவணையைக் கிழிக்கப் பார்த்தார்கள், கத்தரிக்கோல் வழுக்கியது. அம்பின் மேல் கோடு போட்டு அடிக்கப் பார்த்தார்கள், உறையின் மேல் மை ஒட்டவில்லை. பத்தாம் நாள் பள்ளியிலிருந்து ஓர் ஊழியர் கடிதத்தோடு வந்தார். நான்கு பேரும் கார் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "சாரிங்க, ஞாயித்துக்கிழமை அதுவுமா தொந்தரவு பண்ணிட்டேன்" என்று திரும்பிப் போய்விட்டார். பணிமனையில் நிமிஷத்தைத் தேடவே இல்லை. அவர் எழுதிவைத்த வண்டிகள் அவர் இல்லாமலே ஓடின. அது அவருக்குப் பிறகு தெரிந்தபோது கொஞ்சம் வருத்தம்தான்.

முதல் வாரம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இரண்டாம் வாரம் பெரியவள் பூங்கா ஊஞ்சலைப் பார்த்தாலே அழுதாள். சீட்டாட்டத்தில் யாருக்கு என்ன சீட்டு வரும் என்று எல்லோருக்கும் தெரியும், சின்னவள்தான் ஜெயிப்பாள், ஜெயித்ததும் "ஹை!" என்று குதிப்பாள், பிறகு அவளும் குதிப்பதை நிறுத்திவிட்டாள். நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே மேசையில் சாப்பிடப் பழகினார்கள். குடும்பத்தோடு இருக்க நேரமே இல்லை என்று புலம்புகிறவர்களை அங்கே ஒரு வாரம் கொண்டுபோய் விட வேண்டும். அப்போது தெரியும்.

மனைவிக்கு விடிகாலை இடைநிறுத்தப் பத்து நிமிடம் மட்டும்தான் சொந்தம். அதில் பரிசோதனைக் கூடத்து மேலாளரோடு தொலைபேசியில் பேசினாள். அந்த அம்மாள் காரணம் எதுவும் கேட்கவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் இடத்த வெச்சிருக்கேன். முப்பத்தொண்ணாம் தேதி காலையில ஆறு மணிக்கு நீங்க உள்ள இருக்கணும். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்குறேன், தப்பா நெனைக்காதீங்க" என்றாள். பரிசோதனைக் கூடம் தெருவைத் தாண்டி, ஒரு பாலம் ஏறி இறங்கி, நடந்தால் இருபது நிமிடம். காரை எடுக்கலாம் என்றால் நான்கு மணிக்கு முன்னால் அது கனைக்கக்கூட இல்லை. பல் டாக்டர் தன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று விடிகாலையில் வந்து நின்றார். அவள் கை வைத்தால் கதவு திறக்கவில்லை. இடைநிறுத்தத்தில் இருக்கும் பணியாளர் எந்த வண்டியிலும் ஏறக் கூடாது என்பதும் பணிமனை விதிதான் என்று கணவர் மெல்லச் சொன்னார். "நல்லா இருக்குங்க உங்க விதி" என்றாள். ஓடுவது என்று முடிவு செய்தாள்.

வெள்ளைக் கோட்டையும் காலணியையும் போட்டுக்கொண்டே படுத்தாள். எதைப் போட்டுக்கொண்டு படுப்பது என்று அட்டவணையில் இல்லை. பதினொரு மணிக் குடும்ப விளையாட்டு எந்த விளையாட்டு என்றும் அவர் எழுதவில்லை. அதனால் பூப்பந்தை மூலையில் போட்டுவிட்டு அந்த ஒரு மணி நேரமும் ஓடினாள். பெரியவள் கூட ஓடினாள், சின்னவள் தண்ணீர் பிடித்தாள். விடிகாலையில் ஓடியபோது பாலத்தின் அடியில் ஆறு மணி அவளைப் பிடித்தது. ஒரு வாரம் கழித்து பாலத்தின் உச்சியில் பிடித்தது. இருபத்தைந்தாம் தேதி பரிசோதனைக் கூடத்தின் பெயர்ப்பலகையைப் படிக்கிற தூரம் வரை போய்விட்டாள். அதற்கு மேல் ஓரடி குறையவில்லை. பதினோரு நிமிடம் வேண்டும், இருப்பது பத்து. நாற்பத்தொரு வயது முழங்கால் இன்னும் என்னதான் செய்யும்?

இருபத்தொன்பதாம் தேதி மதியச் சாப்பாட்டில் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏங்க, பத்துன்னு எழுதுன கை பதினஞ்சுன்னு எழுதியிருந்தா தேஞ்சா போயிருக்கும்?"

"பத்துதாம்மா விதி" என்றார். பிறகு ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் போட்டார். "அந்த அம்பு கைப்பழக்கத்துல வந்துச்சுன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றேன். நீ வேலைக்குப் போறேன்னு சொன்ன அன்னைக்கே நான் திங்கக்கிழமைக் காலைய நெனைச்சுப் பாத்தேன். காலையில எந்திரிச்சா நீ இருக்க மாட்ட. இதுங்க ரெண்டையும் கெளப்பணும். எனக்கு ஊர்ல இருக்குற வண்டியெல்லாம் கெளப்பத் தெரியும், இதுங்களத் தெரியாது. பயந்துட்டேன்."

"இத இருபத்தெட்டு நாள் முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் முடிப்பதற்குள் இரண்டு மணி ஆகித் தூக்கம் வந்துவிட்டது.

முப்பத்தொன்றாம் தேதி ஐந்து ஐம்பதுக்குக் கண் திறந்ததும் அவள் ஓடினாள். அவளுக்குப் பின்னாலேயே அவரும் கட்டம் போட்ட லுங்கியும் பனியனுமாக இறங்கினார். ஆனால் பாலத்தின் பக்கம் போகவில்லை. தெருமுனைக்குப் போய் நடுச்சாலையில் நின்றார். தம் வாழ்நாளில் ஒரு வண்டியையும் ஒரு நொடி பிந்தவிடாத மனிதர் முதல் பேருந்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்தார். பேருந்து கிரீச்சென்று நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "சார், நீங்களா! வழி விடுங்க சார், லேட்டாவுது!"

"ஆகட்டும்" என்றார் நிமிஷம்.

ஓட்டுநருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று பணிமனையில் எவரும் நினைத்ததில்லை. பயணிகள் கத்தினார்கள், ஒருவர் இறங்கியே வந்துவிட்டார். எங்கள் தெருவில் பேருந்து கடந்தால்தான் ஆறு மணி. பேருந்து கடக்கவில்லை, ஆகவே ஆறு மணி ஆகவில்லை. பல் டாக்டர் வீட்டுப் பால் பொங்கிய இடத்திலேயே விளிம்பில் நின்றது. நிமிஷம் உதட்டை அசைத்து அறுபது எண்ணினார். எண்ணி முடித்ததும், "போப்பா" என்று ஒதுங்கி நின்றார். பேருந்து தெருமுனையைக் கடந்தது. அவர் கட்டிலில் இருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

ஆறு ஆவதற்குள் அவள் வேறு இடத்தில் பணியில் சேர்ந்துவிட்டாள்; பணியாளர் ஒருவர் குறைந்தாலும் அந்தச் சுற்று ரத்து என்பது பணிமனையின் மூன்றாவது விதி. வாசலில் திங்கட்கிழமைப் பத்திரிகை விழுந்தது. குளிர்பெட்டியில் முட்டை ஒன்றுகூட இல்லை. பெரியவள் பள்ளிக்கூடப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சின்னவள் லீவு முடிந்துவிட்டதே என்று தரையில் புரண்டு அழுதாள். அவர் அவளைத் தூக்கி நிறுத்தி, சட்டையை முன்பின் மாற்றிப் போட்டு, பின்னலை ஒரு பக்கம் தூக்கலாகப் பின்னி, நாற்பது நிமிடம் தாமதமாகப் பள்ளியில் விட்டார். பரிசோதனைக் கூடத்தில் அவர் மனைவி மூச்சு வாங்கியபடி முதல் ஆளின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள்.

பேருந்து இழந்த அந்த ஒரு நிமிடத்தைப் பிறகு மீட்க முடியவில்லை. நிமிஷம் அட்டவணையை நான்கு முறை திருத்தி எழுதிப் பார்த்தார். ஓட்டுநர்கள் மிதித்துப் பார்த்தார்கள். வானொலியில் ஆறு அடித்து ஒரு நிமிடம் கழித்தே முதல் பேருந்து எங்கள் தெருமுனையைக் கடக்கிறது, எங்களுக்கும் அதுதான் ஆறு. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் வாடகை, தண்ணீர் வரும் நேரம் இவற்றோடு இதையும் சொல்லிவிடுவோம். மூலை வீட்டுக் குளிர்பெட்டியில் அந்த அட்டவணை இன்னும் இருக்கிறது, உரிக்க வரவில்லை. சின்னவள் அதன் மேல் பாலைக் கொட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே யாரும் எதுவும் எழுதுவதில்லை. மற்ற நாட்களில் அவர் மனைவி ஐந்து நாற்பதுக்கு வெள்ளைக் கோட்டோடு கிளம்புகிறாள். ஓடுவதில்லை. நடந்துதான் போகிறாள், இருபது நிமிடம். பாலத்தின் உச்சியில் கொஞ்சம் நின்றுவிட்டும் போகிறாள். ஒரு நிமிடம் கையில் இருக்கிறது.