பெரியவருக்கு மறைக்கத் தெரியாது

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பந்தயம் தொடங்கியது. பகல் பன்னிரண்டுக்கு முடியும். நடுவர், டீச்சரின் தம்பி.

பந்தயப் பொருள் ஜன்னலோர மேசை. வீட்டில் நல்ல வெளிச்சம் விழுவது அந்த ஒரு மேசைமேல்தான். பதினொரு வருடமாக அதை, வாங்கும்போதே பழையதாக இருந்த ஒரு கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டிருந்தது. முன்னால் நின்று பார்த்தால் டிவி, பக்கவாட்டில் பார்த்தால் அரிசிப் பெட்டி. டீச்சர் அதைப் பெரியவர் என்பாள். மரியாதையினால் அல்ல.

அவளுடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். கடையிலிருந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு பெரியவர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். டீச்சர் பிள்ளைகளின் கணக்குப் பேப்பரைக் கட்டிலில் தலையணைமேல் வைத்துத் திருத்துவாள். போன மாதம் பேனா காகிதத்தைக் குத்திக்கொண்டு இறங்கியதில் ஒரு பிள்ளையின் சரியான விடை ஓட்டையாகிப் போனது. அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

“ஒண்ணு நான், இல்ல அவர்.”

“டீச்சர், அவர் பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போறார்.”

“அவரால என்ன பிரயோஜனம்? இந்த வீட்டுக்கு இதுவரைக்கும் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டிருக்காரா?”

பேச்சு வளர்ந்து பந்தயத்தில் வந்து நின்றது. இந்த வீட்டுக்கு உபயோகமான ஒரு விஷயத்தை, ஒன்றே ஒன்றை, பெரியவர் இன்றைய இணையத்திலிருந்து எடுத்துத் தர வேண்டும். தந்தால் மேசை அவருக்கே. பிறகு டீச்சர் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். தராவிட்டால் அவர் பரணுக்கு.

தம்பி வெப்சைட் செய்து கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஆகவே விவரம் தெரிந்தவன். லேப்டாப்பைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நேரத்துக்கு முன்பே வந்து, இருந்ததில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான்.

கண்ணாடிக்காரர் பொத்தானை அழுத்தினார். பெரியவர் கனைத்தார். உறுமினார். பிறகு சீராக மூச்சுவிடத் தொடங்கினார்.

“ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா மாமா?”

“பேசாம இரு மாப்ளே.”

திரை தேதி கேட்டது. உள்ளே இருந்த பேட்டரி செத்துப் பல வருடம். அணைத்து எழுப்பும்போதெல்லாம் பெரியவர் தான் பிறந்த வருடத்துக்கே போய்விடுவார். தினமும் கண்ணாடிக்காரர்தான் இன்றைய தேதியைச் சொல்லிக்கொடுப்பார்.

தம்பி எட்டிப் பார்த்தான். “அக்கா, இவர் கணக்குப்படி நான் இன்னும் பொறக்கவே இல்ல.”

“நல்ல காலம்தான் அது,” என்றார் கண்ணாடிக்காரர்.

மேசைக்கு அடியில் உள்ளங்கை அளவில் ஒரு புதுப் பெட்டி இருந்தது. இன்றைய இணையம் எல்லாவற்றையும் பூட்டித்தான் அனுப்புகிறது. அந்தப் பூட்டு பெரியவர் காலத்தில் கிடையாது. சின்னப் பெட்டி நடுவில் நின்று, பூட்டைத் திறந்து, வந்ததைப் பழைய பாஷையில் மேலே அனுப்பும். துபாஷி வேலை. தம்பி குனிந்து அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

“ஓஹோ. சமைக்கிறது கீழ ஒருத்தர். மேல இருக்கிறவர் கரண்டியைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரா?”

“உங்க ஆபீஸ்ல மட்டும் எல்லா வேலையும் நீயேதான் செய்யறியா?”

“ரெண்டு பேரும் மணியைப் பாருங்க,” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

முதலில் செய்தி. ஆறு நிமிடம் கழித்துப் பக்கம் வந்தது. தலைப்பு முழுக்கக் கேள்விக்குறி. அதற்குக் கீழே கேள்விக்குறி. பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி. பெரியவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. தெரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

டீச்சர் வந்து பார்த்தாள். “என்ன சொல்றார்?”

“நாட்டு நிலைமையை உள்ளது உள்ளபடி சொல்றார்.”

“இது உபயோகத்துல சேருமா?”

“சேராதுக்கா,” என்றான் நடுவர்.

அடுத்தது வானிலை. அது ஆங்கிலப் பக்கம். பெரியவருக்குத் தெரிந்த பாஷை. வெகுநேரம் வெள்ளையாக இருந்தது. கடைசியில் அடியில் ஒரு வரி மட்டும் வந்தது. உங்கள் பிரவுசர் மிகவும் பழையது, தயவுசெய்து மாற்றவும்.

“முன்னப்பின்ன தெரியாதவங்களே சொல்றாங்க,” என்றாள் டீச்சர்.

பிறகு பஸ் நேரம். பக்கத்தின் மெனுவிலிருந்த நூற்றுநாற்பது தலைப்புகள் வரிசையாக வந்தன. பஸ் ஒன்றும் வரவில்லை.

மணி பத்து ஐம்பது. டீச்சர் ஸ்டூலைக் கொண்டுவந்து பரணுக்குக் கீழே போட்டாள். மேசையைத் துடைக்கப் பக்கெட்டில் தண்ணீரும் துணியும் வைத்தாள்.

கண்ணாடிக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. கடையில் வருகிறவர்கள் எல்லாரும் ஒரு மணி நேரத்தில் கண்ணாடி கேட்பார்கள். அரை மணியிலிருந்தே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சாயங்காலம் இங்கே உட்கார்ந்தால் ஒரு பக்கம் தலையிலிருந்து கால்வரை வரிவரியாக இறங்கும். அதை அவர் அவசரப்படுத்துவதில்லை. அதுவும் அவரை அவசரப்படுத்துவதில்லை. இதை வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

தம்பிக்கு வெற்றி தலைக்கேறியது. நுணலும் தன் வாயால் கெடும்.

“பாவமா இருக்கு மாமா. கடைசியா ஒரு சான்ஸ். அக்கா ஸ்கூல் வெப்சைட்டைத் திறங்க. இங்கிலீஷ்லதான் இருக்கு. நான் செஞ்சது. அதுல ஒரு பக்கமாவது உருப்படியா வந்துட்டா நான் மொட்டை அடிச்சிக்கிறேன்.”

“உன் தலை யாருக்கு வேணும்? எந்தப் பக்கம்?”

“எது வேணா. ஒண்ணும் வராது. அவ்வளவு நகாசு பண்ணியிருக்கேன்.”

கண்ணாடிக்காரர் அறிவிப்புப் பக்கத்தின் முகவரியைத் தட்டினார். பள்ளிச் சின்னம் வர வேண்டிய இடத்தில் ஓர் உடைந்த சதுரம் வந்தது. பறந்து வர வேண்டிய படங்கள் ஒன்றும் வரவில்லை. சாம்பல் பின்னணியில் வெறும் எழுத்து, ஒவ்வொரு வரியாக இறங்கியது.

“அடுத்த வருஷப் பொறுப்புகள்,” என்று தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார். “யார் யாருக்கு என்னென்ன...”

தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது. “அது வராதே.”

“வந்திருக்கே.”

தம்பி தன் போனில் அதே பக்கத்தைத் திறந்தான். அதில் ஒரு அழகான நீலக் கட்டம் மட்டும் இருந்தது. பொறுப்புகள் திங்கள் காலை ஒன்பது மணிக்கு அறிவிக்கப்படும்.

“டேய், என்ன பண்ணி வச்சிருக்கே?” என்றாள் டீச்சர்.

“ஹெட்மிஸ்ட்ரஸ் வெள்ளிக்கிழமையே லிஸ்ட் அனுப்பிட்டாங்க. திங்கக்கிழமை காலையில யாரு எழுந்து உட்கார்ந்து போடறது? அன்னிக்கே போட்டு மூடி வச்சேன்.”

“மூடி வச்சதாத் தெரியலையே.”

“பக்கம் மொத்தமா எல்லாருக்கும் போயிடும்க்கா. கூடவே, ஒன்பது மணி வரைக்கும் இதை மறைச்சு வைன்னு ஒரு உத்தரவும் போகும். எல்லாக் கம்ப்யூட்டரும் அதைக் கேட்டு நடக்கும்.”

“பெரியவர் கேக்கலையா?”

“அவருக்கு அது புரியாது. அந்த உத்தரவெல்லாம் அவர் காலத்துக்கு அப்புறம் வந்தது.”

கண்ணாடிக்காரர் பெரியவரின் தலையில் கை வைத்தார். அது சூடாக இருந்தது.

“மூடுங்க,” என்றாள் டீச்சர். “நாளைக்குச் சொல்ல வேண்டியதை இன்னிக்கு நாம பார்க்கக் கூடாது.” சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நிறுத்தட்டுமா?”

“அதைத்தானே சொன்னேன்.”

அவர் பொத்தான்மேல் விரலை வைத்தார்.

“கொஞ்சம் இருங்க,” என்றாள்.

வரிகள் இறங்கின. துணைத் தலைமை ஆசிரியை, கெமிஸ்ட்ரி டீச்சர். “தெரிஞ்சதுதான்,” என்றாள். நூலகம், டிராயிங் மாஸ்டர். “நூலகம் உருப்பட்டுடும்.” விளையாட்டு. பரீட்சை. பெரியவர் நடுவில் ஒரு நிமிடம் இளைப்பாறினார். மூன்று பேரும் காத்திருந்தார்கள். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை.

கடைசி வரி வந்தது. டைம்டேபிள், கணக்கு டீச்சர்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். மூன்று வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த பொறுப்பு அது. எந்தப் பாடம் எந்த பீரியடில் என்பதை யார் யாரோ எழுதினார்கள். கெமிஸ்ட்ரியை முதல் பீரியடில் வைத்துவிட்டு, கணக்கைச் சாப்பாட்டுக்கு அப்புறம் தள்ளினார்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். அவள் மூன்று கடிதம் கொடுத்திருந்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

“நாளைக்கு எனக்குத் தெரியாத மாதிரி இருக்கணும்,” என்றாள் மெதுவாக.

“எங்கே, இருந்து காட்டு.”

அவள் புருவத்தை உயர்த்தினாள்.

“இது பல்வலி மாதிரி இருக்கு டீச்சர்.”

தம்பி அதற்குள் லேப்டாப்பைத் திறந்து தட்டிக்கொண்டிருந்தான். சரி செய்துவிட்டதாகச் சொன்னான். சரியானதா என்று பார்க்க வழி ஒன்றுதான் இருந்தது. இவன் போன், லேப்டாப், அக்காவின் போன் எல்லாம் முதலிலிருந்தே ஒழுங்காக மறைத்துக்கொண்டிருந்தன.

“மாமா, இன்னொரு தடவை திறந்து பாருங்களேன்.”

“யாரை? ஆம்புலன்ஸ்ல போக வேண்டியவரையா?”

“மாமா.”

“நேரம் ஆகும் மாப்ளே. வயசானவர்.”

நாலு நிமிடம். இன்னும் தெரிந்தது. தம்பி தட்டினான். மறுபடி நாலு நிமிடம். தலைப்புப் போயிருந்தது, பட்டியல் இருந்தது. மூன்றாவது முறை பட்டியல் போனது. தம்பி சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான். மணி பதினொன்று நாற்பது.

“தீர்ப்பு?” என்றார் கண்ணாடிக்காரர்.

“ஜெயிச்சுட்டார்,” என்றான் நடுவர். “மொட்டையை மட்டும் மன்னிச்சிடுங்க.”

கண்ணாடிக்காரர் எழுந்து பரணுக்குக் கீழே இருந்த ஸ்டூலை எடுத்துச் சமையலறையில் வைத்தார். பக்கெட் தண்ணீரைக் கொட்டினார். மெதுவாக, எல்லாரும் பார்க்கும்படி செய்தார்.

திரும்பி வந்தபோது டீச்சர் மேசை ஓரத்தை விரலால் அளந்துகொண்டிருந்தாள். சாணும் அரைச் சாணும்.

“என்ன பண்றே?”

“ஒண்ணுமில்ல.”

“சொல்லு.”

“டைம்டேபிள் போட நாலு சார்ட்டை ஒட்டி விரிக்கணும். கலர் சீட்டு வச்சு நகர்த்தி நகர்த்திப் பார்க்கணும். ஒரு மாசம் கலையாம கிடக்கணும். கட்டில்ல நடக்காது.”

“அதுக்கெல்லாம் சாஃப்ட்வேர் இருக்குக்கா,” என்றான் தம்பி.

“உன் சாஃப்ட்வேர் லட்சணத்தை இப்பத்தானே பார்த்தேன்.”

கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார். “பந்தயம்னா பந்தயம் டீச்சர். இனி வாய் திறக்க மாட்டேன்னு சொன்னே.”

“சொன்னேன். நீங்கதான் ஜெயிச்சீங்க. மேசை அவரோடதுதான்.” நிறுத்தினாள். “நான் பந்தயம் பேசலை. கேக்கிறேன்.”

தோற்றிருந்தால் கண்ணாடிக்காரர் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கலாம். ஜெயித்தவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. பெரியவர் பக்கத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம்.

“ஒரு மாசம்தானே?”

“ஒரு மாசம்.”

“அப்புறம் திரும்ப இங்கதான்.”

“திரும்ப இங்கதான்.”

“இந்த அறிவிப்புல மறைச்சு வச்சது ஒண்ணும் இல்லையே?”

“கீழ கையெழுத்துப் போட்டுத் தரேன், போதுமா?”

அவர் பெரியவரை அணைத்தார். நாளைக்கு மறுபடி தேதி சொல்லிக்கொடுக்க வேண்டும். தம்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடித்து மானிட்டரைத் தூக்கினார்கள். தம்பி முனகினான். “இதுக்குள்ள என்ன மாமா, அம்மிக்கல்லா?” படுக்கையறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் இறக்கினார்கள். இனி கண்ணாடிக்காரர் சம்மணம் போட்டுத்தான் இணையம் பார்க்க வேண்டும்.

கீபோர்டை எடுக்க அவர் திரும்பி வந்தார். மேசையின் பலகை வெயிலில் வெளுத்திருந்தது. மானிட்டர் இருந்த இடம் மட்டும் சதுரமாக, பழைய பழுப்பு நிறத்தில் தெரிந்தது. டீச்சர் அதன்மேல் சார்ட்டை விரித்து நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தாள். பென்சிலால் முதல் கோடு போட்டாள்.

அவர் கீபோர்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

“கணக்கு எத்தனாவது பீரியட்?”

“முதல்ல,” என்றாள் நிமிராமல்.

“கெமிஸ்ட்ரி?”

“சாப்பாட்டுக்கு அப்புறம்.”