காரணம் இல்லாத கடிதம்

யோகராசா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், மூன்று வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். ஒஸ்லோவுக்கு வந்து முப்பத்தைந்து வருடமாகியும் அந்தக் கச்சேரி அவருடைய பேனாவை விட்டு இறங்கவில்லை.

நகராட்சி பாத்தி பாத்தியாக வாடகைக்கு விடும் தோட்டத்து மண்ணில் ஈயம் இருக்கிறதாம், பரிசோதனையில் தெரிந்ததாம், பனிக்கு முன் பாத்திகளை மூடப்போகிறார்களாம். நகராட்சி அலுவலகத்துக் கடிதத்தைப் படித்ததும் மனுஷன் மூன்று பக்க மனு எழுதினார். மனைவி உதயகுமாரியின் முழங்கால் வலி, பன்னிரண்டு வருடமாக அவள் வளர்க்கும் பூசணி, கீரை எல்லாம் சொல்லி, கடைசியில் அந்த அறிக்கையைக் காட்டியருளுமாறு தாழ்மையுடன் வேண்டி முடித்தார். நோர்வேஜிய மொழியில் அவ்வளவு தாழ்மைக்குச் சொல் தேடிப் பிடித்ததே பெரிய காரியம்.

பதில் இரண்டு வரி. உங்கள் நிலைமைக்கு வருந்துகிறோம், பாத்தியைத் தொடர்ந்து தர இயலாது. அறிக்கையைப் பற்றி மூச்சே இல்லை. அத்தனை கண்ணீருக்குள் கேள்வி எங்கே கிடந்தது என்று அவர்களுக்கும் தெரிந்திராது.

உதயகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாத்தியை விட்டால் இந்த நகரத்தில் அவள் கை வைக்க ஒரு பிடி மண் கிடையாது.

"ஏனப்பா கெஞ்சினனீங்கள்?"

"கேக்கிறதெண்டால் காரணம் சொல்லத்தானே வேணும்."

"தேவையில்லை. குடியுரிமைப் பரீட்சைக்குப் பாடமாக்கினனான். அரசியலமைப்பிலை நூறாம் பிரிவு. அரசாங்கத்தின்ரை, நகராட்சியின்ரை பத்திரங்களைப் பாக்க எல்லாருக்கும் உரிமை இருக்கு. ஏன் எண்டு சொல்லத் தேவையில்லை."

அவள் ஒரே வரி எழுதினாள். மண் பரிசோதனை அறிக்கையைப் பார்க்க வேண்டும், அரசியலமைப்பு, நூறாம் பிரிவு. கீழே தன் பெயர். யோகராசாவுக்கு வியர்த்துவிட்டது.

"நன்றி எண்டாவது போடும்."

"தந்தாப் பிறகு போடுறன்."

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. ஈயம் இருந்தது உண்மைதான். ஆனால் அது தெருவுக்கு அப்பால் இருக்கும் பழைய கார் தரிப்பிடத்து மண்ணில். தோட்டத்து மண் சுத்தம், எதையும் விளைவிக்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை அலுவலகத்தில் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. உதயகுமாரி அந்த வரிக்குக் கீழே கோடு போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

மறு கிழமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தோட்டம் மூடப்படாது. தவறு எப்படி நேர்ந்தது என்று ஒரு முழுப் பக்கம் விளக்கம், மூன்று இடத்தில் மன்னிப்பு.

"பாத்தீங்களே," என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல். "இப்ப காரணம் சொல்லுறது அவையள்."

பிறகு சொன்ன சொல் தவறாமல், 'நன்றி' என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனாள்.