முதுகில் போட்ட கோடு

ரேஷன் அரிசியையே இரண்டு தரம் மோந்து பார்த்து வாங்குகிற ஆள் ஜம்புலிங்கம். அப்படிப்பட்டவன் பெண்டாட்டி முதுகை வங்காளி டாக்டர் தட்டினால் சும்மா இருப்பானா?

டாக்டர் இடதுகை விரலை மரகதத்தின் முதுகில் பதித்து, அதன்மேல் வலதுகை விரலால் தட்டிக்கொண்டே இறங்கினார். மேலே காலித் தகரம்போல் சத்தம் வந்தது. இடப்பக்கம் கீழே வந்ததும் சத்தம் செத்துப்போயிற்று. அங்கே ஊதாப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

ஜம்புலிங்கத்துக்குப் பகீரென்றது. இலங்கையில் பால் வற்றிய ரப்பர் மரத்துக்குத் துரை இப்படித்தான் கோடு போடச் சொல்வார். பின்னாலேயே கோடாலி வரும். இந்தக் கட்சால் தீவுத் தோட்டத்தில் மனுஷிக்கே கோடா?

டாக்டர் பேசிய இந்தியைத் தூத்துக்குடிக்காரி நர்ஸ் கிளாரா தமிழில் சொன்னாள். "நுரையீரலச் சுத்தி நீர் கோத்திருக்காம் அண்ணாச்சி. கோடு வரைக்கும் நிக்கி. கப்பல் வர்ற அன்னைக்கு டாக்டர் மறுபடி தட்டிப் பாப்பாவ. நீர் ஏறியிருந்தா போர்ட் பிளேருக்குக் கொண்டு போவணும். கோட்ட அழிச்சிராதிய."

பால் வெட்டும் வேலை மரகதத்தின் பேரில் இருந்தது. சீக்காளி என்று கப்பலேற்றினால் பேரை வெட்டிவிடுவார்கள், குடியிருக்கும் வீடும் போகும். எல்லாம் அதற்கான சூழ்ச்சி என்று முடிவுகட்டினான்.

"ஒருக்கா கப்பலேத்திதான் நம்மள இங்க கொண்டாந்து தள்ளுனாங்க. இனி எவன் ஏத்துறான்னு பாக்குறேன்." வீட்டுக்கு வந்ததும் தேங்காயெண்ணெய் தொட்டுக் கோட்டைத் துடைத்தான்.

"கோடு போயிட்டா நீரும் போயிருமாக்கும்" என்றாள் மரகதம், இருமலுக்கு நடுவே.

கப்பல் வந்த காலையில் வெறும் முதுகைப் பார்த்து டாக்டர் கத்தினார். மறுபடி தட்டிப் புதுக்கோடு போட்டார்.

"தோட்டம் முழுக்க முதுகு தட்டுன மனுசனுக்குப் பழைய எடம் ஞாவகமில்லையாம்" என்றாள் கிளாரா. "தொடச்சது நீங்கதான? எங்க இருந்துச்சு, சொல்லுங்க. ஏறலன்னா இங்கயே மருந்து குடுக்காவளாம்."

துடைத்த கைக்கு இடம் நன்றாகவே தெரியும். பழைய கோடும் இதே இடம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலையும் வீடும் தப்பும். டாக்டரை அவன் இப்போதும் நம்பவில்லை. ஆனால் மரகதம் பாதி மூச்சிலேயே நின்று நின்று இழுப்பதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தான்.

புதுக்கோட்டுக்கு மூன்று விரல் கீழே விரலை வைத்தான்.

"இங்கதான் இருந்துச்சு, நர்சம்மா."

கிளாரா டாக்டரிடம் திரும்பினாள்.

"அப்பிடியே அந்தாளுகிட்ட சொல்லிருங்க, நானும் கப்பல்ல ஏறுவேன். அவர நம்பி இவளத் தனியா விட மாட்டேன்."